மாம்பழத்துக்கு செப்டம்பர் டோக்கன்

போன வருடம் ஜூன் மாதம் என் நைனாவின் டிராக்டர், பங்காருபாளையம் ரோட்டில் இருக்கும் ஒரு ஜூஸ் ஃபேக்டரியின் கேட்டுக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணியிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி வரை நின்றது. நின்றது என்று எழுதுவது முழுக்கச் சரியல்ல. மணிக்கொரு தடவை கொஞ்சம் நகர்ந்தது. ஏற்றிப்போனது நாலு டன் தோதாபுரி மாங்காய். அதில் ஒன்றரை டன்னை ஃபேக்டரிக்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அது ரோட்டிலேயே ஜூஸாகிவிட்டிருந்தது. நைனா அதை வழியில் ஒரு பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்தார்.

நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பக்தர்களுக்கு தரிசன டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது முக்கிய வேலை. மாலை ஆறரைக்கு மேல் கம்ப்யூட்டர் வகுப்பு. எதையும் தேதி போட்டு எழுதி வைப்பேன். எழுதியது சரிதானா என்று பிறகு சந்தேகப்படுவேன். க்யூவைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன். நேரம் அச்சடித்த சீட்டு கையில் இருக்கிறவர் நிதானமாக டீ குடிக்கப் போகிறார். சீட்டு இல்லாதவர் ஓடுகிறார். இதைக் கடையில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன்.

டிராக்டர்காரர்களும் அப்படித்தான். தனக்கு முன்னால் எத்தனை வண்டி என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் பயம். பயத்தில் எல்லோரும் ஒரே நாளில் காய் பறித்து ஒரே நாளில் வந்து நிற்கிறார்கள். ஆகவே வகுப்பு ப்ராஜெக்டாக ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினேன். விவசாயி ஒரு மெசேஜ் அனுப்பினால், 'வியாழன் காலை பத்து மணிக்கு வரவும்' என்று டோக்கன் போகும். அதற்கு முந்தின நாள் பறித்தால் போதும். எங்கள் மாஸ்டர் ஹரிபாபு பத்துக்கு எட்டு மார்க் போட்டார். உள்ளே விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதியிருந்ததற்காக இரண்டு மார்க் குறைத்தார்.

பாக்கி இருந்தது ஒன்றுதான். ஃபேக்டரி முதலாளி நாகபூஷணம் 'சரி' என்று சொல்ல வேண்டும். ஜூனில் பறிப்பு தொடங்குவதற்குள் சொல்ல வேண்டும். அதற்கு நான் அவரை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். ஜனவரியில் ஒரு தடவையும் பிப்ரவரியில் ஒரு தடவையும் கேட் வரைக்கும் போனேன்.

"அப்பாயின்ட்மென்ட் இருக்குதாம்மா?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"இல்லண்ணா. அதை யார்கிட்ட வாங்கணும்?"

"உள்ள ஆபீஸ்ல."

"அப்ப உள்ள போலாமா?"

"அப்பாயின்ட்மென்ட் இருந்தா தாராளமா போலாம்."

இதை ஹரிபாபு மாஸ்டரிடம் சொன்னேன். "அட, நாகபூஷணம் சாருதானே? அவர் சங்கமத்துக்கு வந்துக்கினு கீறாரு, தேவயானி. மாசா மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. அங்க யாரு வேணா யாரை வேணா பாத்துப் பேசலாம். அதுக்குன்னே நடத்துறதுதான் அது" என்றார்.

ஏழுமலை ஸ்டார்ட்அப் சங்கமத்தைப் பற்றி நான் அறிந்தது இப்படித்தான்.

மார்ச் பதினான்காம் தேதி, ரேணிகுண்டா ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹால். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் பெயர் ஸுப்ரஜா. அவருக்கு முன்னால் ஐந்து நிறத்தில் கழுத்து டேக்குகள் தொங்கின.

"நீங்க ஃபவுண்டரா, மென்டரா, இன்வெஸ்டரா, எனேப்ளரா?"

"நான் ஒருத்தரைப் பார்க்க வந்திருக்கேங்க."

அவர் டேப்லெட்டில் வெகுநேரம் தேடினார். "அப்படி ஒரு கேட்டகரி இல்லையேம்மா" என்றார் உண்மையான வருத்தத்தோடு. பிறகு சாம்பல் நிற டேக் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் 'ஆஸ்பிரன்ட்' என்று இருந்தது.

"அப்படின்னா என்னங்க?"

"இன்னும் எதுவும் ஆகாதவான்னு அர்த்தம். யாரைப் பார்க்கணும் உங்களுக்கு?"

"நாகபூஷணம் சாரை."

"அச்சச்சோ, அவர் பச்சை. சாம்பல் நேரே போய் பச்சைகிட்ட பேசப்படாது. மூணு மீட்டப் முடிச்சேள்னா மஞ்சளுக்கு அப்ளை பண்ணலாம். மஞ்சள் ஆயிட்டேள்னா பச்சையைப் பார்க்கலாம்."

மார்ச், ஏப்ரல், மே என்று விரல் விட்டு எண்ணினேன். மே ஒன்பதாம் தேதி மூன்றாவது மீட்டப். பறிப்பு ஜூனில்தான். நேரம் இருக்கிறது என்று டேக்கை மாட்டிக்கொண்டேன்.

ஹாலில் செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் டேக்குகளை எண்ணினேன். மொத்தம் நூற்றுமூன்று. ஆரஞ்சு, அதாவது ஈகோசிஸ்டம் எனேப்ளர்கள், அறுபத்தொன்று. பச்சை மென்டர்கள் இருபத்துமூன்று. என்னைப் போன்ற சாம்பல்கள் பதினான்கு. மஞ்சள் ஃபவுண்டர்கள் ஐந்து. அந்த ஐவரில் ஒருவர் டேக் அச்சடிப்பவர், ஒருவர் அங்கே போட்டோ எடுப்பவர், ஒருவர் அன்றைய மதியச் சாப்பாட்டுக்காரர். நீல டேக் இன்வெஸ்டர்களுக்காக முதல் வரிசையில் வெள்ளை உறை போட்ட ஒன்பது நாற்காலிகள் இருந்தன. அவற்றில் யாரும் உட்காரவில்லை. ஆனாலும் மேடையேறியவர்கள் அந்த நாற்காலிகளைப் பார்த்தே பேசினார்கள்.

தலைவர் கிரண்குமார் தெலுங்கில் பேசினார். எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன். "நண்பர்களே, ஆறு வருடத்துக்கு முன் திருப்பதியில் என்ன இருந்தது? கோயில் இருந்தது. காலேஜ் இருந்தது. ஆஸ்பத்திரி இருந்தது. ஈகோசிஸ்டம் இருந்ததா? இல்லை. என்னைக் கேட்கிறார்கள், கிரண் காரு, உங்கள் ஸ்டார்ட்அப் என்ன என்று. என் ஸ்டார்ட்அப் நீங்கள்தான் என்கிறேன். உலகத்தில் பத்து கம்பெனி தொடங்கினால் ஒன்பது தோற்றுப்போகிறது. நாம் இன்றோடு எழுபத்திரண்டு மீட்டப் நடத்திவிட்டோம். ஒன்றாவது தோற்றதா? ஏன் தோற்கவில்லை? நாம் எதையும் தொடங்கவில்லை. அதுதான் ரகசியம்."

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் எழுந்தேன். முதல் தடவை வந்தவளுக்குச் சில விஷயங்கள் புரியாமல் இருக்கலாம்.

அடுத்தது மென்டர்கள் பேச்சு. தலைப்பு, மனநிலை. வெள்ளைச் சட்டையில் நாகபூஷணம் நான்காவதாக மைக்கைப் பிடித்தார். "மனநிலைன்னா எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஃபேக்டரி கேட்டுல ஒரு தலைவலி. சீசன் வந்தா டிராக்டருங்க மைல் கணக்குல நிக்குது. காய் கெட்டுப்போவுது. அவங்களுக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம். இங்க படிச்ச பசங்க வர்றாங்களே, யாராவது வழி சொல்வாங்களான்னுதான் நானும் ஒரு வருஷமா..."

நான் பாதி எழுந்து கையைத் தூக்கிவிட்டேன். ஸுப்ரஜா பின்னாலிருந்து என் தோளை மெதுவாக அழுத்தினார். "சாம்பல் கை தூக்கப்படாதும்மா."

மேடையில் கிரண்குமார் மைக்கை வாங்கிக்கொண்டார். "சார், சின்னத் திருத்தம். மென்டர்கள் பிரச்சினை சொல்லக் கூடாது. பச்சை டேக்குக்குத் தீர்வு சொல்ல மட்டும்தான் அனுமதி."

நாகபூஷணம் குனிந்து தன் டேக்கைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "தினம் காலைல வெறும் வயித்துல வெந்நீர் குடிங்க" என்றார்.

நூற்றுமூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு பத்து நிமிடம் வட்டம். இந்த நேரத்தில் மட்டும் நிறம் பார்க்க மாட்டார்கள். உள்வட்டத்தில் சாம்பல், வெளிவட்டத்தில் மற்றவர்கள். தொண்ணூறு விநாடிக்கு ஒரு தடவை மணி அடிக்கும். வெளிவட்டம் ஓர் ஆள் நகரும். நாகபூஷணம் எனக்கு ஏழு ஆள் தள்ளி இருந்தார். என் முன்னால் வந்த முதல் மஞ்சள் டேக், பவன்குமார்.

"ஃபவுண்டருக்கு கோ-ஃபவுண்டர் தேடிக் குடுக்குற ஆப்புங்க என்னுது" என்றார்.

"உங்க கோ-ஃபவுண்டர் யாருங்க?"

"தேடிக்கினு கீறேன்."

"உங்க ஆப்லயே தேடலாமே?"

"ஆப் இன்னும் ரெடியாவல. ரெடி பண்றதுக்குத்தான் கோ-ஃபவுண்டர் வேணும்."

மணி அடித்தது. அடுத்து வந்த ஆரஞ்சு டேக், தான் எனேப்ளர் என்றார். எதை எனேபிள் செய்கிறீர்கள் என்று கேட்டேன். மற்ற எனேப்ளர்களை என்றார். மணி அடித்தது. இப்படி ஆறு பேர். ஏழாவதாக நாகபூஷணம் என் எதிரில் வந்து நிற்க இன்னும் ஒரே ஒரு தடவை மணி அடித்தால் போதும் என்றிருந்தபோது, நீளமாக மணி அடித்தது. குரூப் போட்டோ. பச்சைகள் மேடைக்கு, சாம்பல்கள் தரையில்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி ஒன்பது நாற்காலிகளில் ஒன்று நிறைந்தது. பெங்களூரு இன்வெஸ்டர் ஒருவர், அன்று காலை மலைக்குப் போய் மொட்டை போட்டு, தலையில் சந்தனத்தோடு நேராக வந்திருந்தார். உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் தூங்கிவிட்டார். "சார் கண்ணை மூடிக்கொண்டு நம் ஈகோசிஸ்டத்தை உள்வாங்குகிறார்" என்று கிரண்குமார் மைக்கில் அறிவித்தார். பதினொரு பேர் அவருக்கு முன்னால் நின்று தங்கள் திட்டங்களை விளக்கினார்கள். கடைசியில் விழித்தவர், "லட்டு கவுன்டர் எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டார். இது மார்க்கெட்டின் ஆழத்தை அளக்கும் கேள்வி என்று பவன்குமார் பாராட்டினார். அந்த ஹாலில் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆனால் சாம்பல், நீலத்திடம் பேசக் கூடாது.

வட்டத்தை அந்த மாதம் ஒழித்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக மென்டர்களை மாடியில் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, வாசலில் எல்லோரையும் நிற்கச் சொன்னார்கள். ஆஸ்பிரன்ட்களும் எனேப்ளர்களும் நடைபாதை முழுக்க நெருக்கியடித்தார்கள். முன்னால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியவில்லை. மணிக்கொரு தடவை கொஞ்சம் நகர்ந்தார்கள்.

எனக்கு இந்தக் காட்சி தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஸுப்ரஜாவிடம் என் ப்ரோகிராமைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் கிரண்குமாரை அழைத்து வந்தார். அவர் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"பிரமாதம்மா. இந்த டிராக்டர் ஒண்ணுதான் இடிக்குது. அதை எடுத்துட்டா உலகத்தரம்."

"சார், இது டிராக்டருக்காகத்தான்..."

"இன்னைக்கே உனக்கு மஞ்சள் டேக் குடுத்துடுறேன்."

மஞ்சள் ஆனால் பச்சையைப் பார்க்கலாம். அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். 'டிராக்டர்' என்ற இடத்தில் 'ஆஸ்பிரன்ட்'. 'காய்' என்ற இடத்தில் 'ஐடியா'. 'கேட்' என்ற இடத்தில் 'மென்டர்'. வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மதியத்துக்குள் டோக்கன் ஓடத் தொடங்கியது. டோக்கன் மேசையில் என்னையே உட்காரவைத்தார்கள். மேசையை விட்டு எழுந்துபோக மஞ்சளுக்கும் அனுமதி இல்லை. நாகபூஷணம் ஒரு மணிக்குக் கிளம்பிப் போவதை உட்கார்ந்தபடி பார்த்தேன்.

மே ஒன்பதாம் தேதி எனக்கு 'க்யூ இன்னோவேட்டர்' என்று ஒரு கண்ணாடி ஷீல்டு கொடுத்தார்கள். கொடுத்தவர் நாகபூஷணம். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவர் என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார். இருவர் கையும் ஒரே ஷீல்டைப் பிடித்திருந்தது.

"சார், உங்க ஃபேக்டரி கேட்டு விஷயமா..."

"என்னம்மா கேட்டு?" என்று அவர் ஆவலாகத் திரும்பினார்.

"சார், மேடம், ஒருத்தரை ஒருத்தர் பாக்காதீங்க! கேமராவைப் பாருங்க!" என்று போட்டோக்காரர் கத்தினார்.

கேமராவைப் பார்த்தபடி, பல்லைக் காட்டியபடி, உதடு அசையாமல் சொன்னேன். "உங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும் சார்."

அவரும் கேமராவைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "இங்க தனியா பேச வுட மாட்டாங்கம்மா. டோக்கன் போட்டுக்கினு வா. புதுசா ஒரு சிஸ்டம் வெச்சிக்கிறாங்க, ரொம்ப நல்லா கீது."

கீழே இறங்கி என் ப்ரோகிராமில் எனக்கு நானே டோக்கன் போட்டேன். மென்டர் ஒருவர் மாதத்துக்கு ஒரு நாள், நாளைக்கு ஆறு பேரைத்தான் பார்ப்பார். முன்னால் பதிந்தவர்களைத் தாண்ட முடியாதபடி நானேதான் எழுதியிருந்தேன். அதைத் திறந்து ஒரு வரியை மாற்ற எனக்குத் தெரியும். பத்து நிமிடம் யோசித்தேன். மாற்றவில்லை. மெசேஜ் வந்தது. 'மென்டர் நாகபூஷணம், செப்டம்பர் பன்னிரண்டு, பதினொன்று நாற்பது. ஐடியாவை முந்தின நாள் பறித்தால் போதும்.' அந்த வரியில் ஒரு சொல்லை மாற்ற மறந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து நைனா போன் செய்தார். எங்கள் தோப்பு புத்தூருக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் நடுவில்.

"இன்னாம்மா, பாத்தியா அவரை?"

"செப்டம்பர்ல பாக்கச் சொல்லிக்கிறாங்க நைனா."

"செப்டம்பர்ல மரத்துல எலதாம்மா இருக்கும்" என்றார். பிறகு, "சரி வுடு. இந்த வாட்டியும் நின்னு பாக்கலாம்" என்று போனை வைத்தார்.

அந்த 'நின்னு பாக்கலாம்' எனக்குச் சரியாக இறங்கவில்லை.

ஜூன் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, நைனா ஒரு காயும் பறிப்பதற்கு முன்னால், அவருடைய மொபெட்டில் ஃபேக்டரிக்குப் போனேன். ரோட்டோரமாகப் பின்னாலிருந்து முன்னால் நடந்து எண்ணினேன். நூற்றறுபது டிராக்டர். கேட்டுக்குள் மணிக்கு ஏழு போனது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை திறந்திருக்கும். ஆக, நாளைக்கு எழுபது. திரும்பி நடந்து ஒவ்வொரு வண்டியிலும் சாக்பீஸால் நம்பர் எழுதத் தொடங்கினேன். தொண்ணூற்றுமூன்றாவது வண்டியில், காய்க் குவியலின் மேல் முக்காட்டோடு சந்திரம்மா என்ற பெண் உட்கார்ந்திருந்தார்.

"ஏ பாப்பா, இன்னா கிறுக்கினு போற? கெவுர்மென்ட்டா நீ?"

"இல்லக்கா."

"ஃபேக்டரியா?"

"இல்லக்கா."

"பின்ன எந்த அதிகாரத்துல நம்பர் போடுற?"

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். டேக் எதுவும் இல்லை. "எண்ணிப் பாத்தேங்கா, அவ்ளோதான். உங்களுக்கு முன்னால தொண்ணூத்திரண்டு வண்டி. உங்க வண்டி நாளைக்குப் பதினோரு மணிக்குதான் கேட்டுக்குப் போவும்."

"நாளைக்கா!" என்று அவர் எழுந்து நின்றார். "இதைக் காலைலயே ஒருத்தன் சொல்லியிருந்தா நான் ஏன் இந்த வெயில்ல காயோட காயா வதங்கினு கீறேன்? ஏய், முன்னால வண்டி! பின்னால வண்டி! எல்லாம் இங்க வாங்கடா!"

அதற்குப் பிறகு என் வேலை குறைவு. அரை மைல் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்துப் பின்னால் புளியமரத் தோப்பு இருந்தது. நம்பரை யாரும் தாண்டக் கூடாது என்று சந்திரம்மா ஒரு அதட்டல் போட்டார். வண்டிகள் நிழலுக்குப் போயின. எல்லோருடைய போன் நம்பரையும் ப்ரோகிராமில் ஏற்றினேன். 'ஐடியா'வைத் திரும்பக் 'காய்' ஆக்க ஒரு நிமிடம்தான் ஆயிற்று. அவரவர் ஊருக்குப் போன் போட்டு, இன்று பறிக்காதே, சொன்ன பிறகு பறி என்றார்கள். நூற்றறுபத்தொன்று என்று நைனாவுக்கு மெசேஜ் போனது. மதியம் மூன்று மணிக்கு ரோட்டில் ஐந்தே டிராக்டர்கள்தான் இருந்தன.

ஃபேக்டரி கேட்டைத் திறந்துகொண்டு நாகபூஷணம் செருப்புகூட மாட்டாமல் ஓடிவந்தார். பின்னால் வாட்ச்மேன்.

"டிராக்டருங்க எங்கடா? எல்லாம் பக்கத்து ஃபேக்டரிக்குப் போயிட்டானுங்களா?"

"மரத்தடியில கீறாங்க சார். நேரத்துக்கு வருவாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீ ஷீல்டு வாங்குன பொண்ணு இல்ல? இங்க இன்னா பண்ற?"

"உங்க கேட்டுக்கு நம்பர் குடுத்துக்கினு இருக்கேன் சார். இதுக்கு உங்ககிட்ட கேக்கத்தான் ஜனவரியிலேர்ந்து வந்துக்கினு கீறேன்."

ஆறாவது டிராக்டர் மரத்தடியிலிருந்து திரும்பி, தன் நேரத்துக்கு வந்து ஐந்தாவதன் பின்னால் நின்றது. அவர் அதைப் பார்த்தார். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஒண்ணேகால் வருஷமா அந்த ஹால்ல உக்காந்துக்கினு நான் இதுக்குத்தானேம்மா ஆள் தேடினேன்."

"நானும் அதே ஹால்லதான் சார் உங்களைத் தேடினேன்."

"சார், இந்தம்மாவுக்கு அப்பாயின்ட்மென்ட் இல்ல சார்" என்றார் வாட்ச்மேன்.

"முதல்ல போய் ஒரு ஸ்டூல் எடுத்துக்கினு வா" என்றார் நாகபூஷணம். ஸ்டூல் எனக்கு.

நைனா செவ்வாய்க்கிழமை மாலை பறித்தார். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு உள்ளே போய்ப் பன்னிரண்டுக்கு வெளியே வந்தார். நாலு டன்னையும் எடுத்துக்கொண்டார்கள். காலி வண்டியை என் பக்கத்தில் நிறுத்தி, "சோறு துன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் டோக்கனை ரத்துசெய்தால் திரும்பவும் சாம்பல் ஆக்கிவிடுவார்கள் என்று ஸுப்ரஜா எச்சரித்திருந்தார். நாகபூஷணத்தின் போனுக்கும் மெசேஜ் போயிருந்தது. அதனால் பன்னிரண்டாம் தேதி இருவரும் போனோம். பதினொன்று நாற்பதுக்கு என்னை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். ஐந்து நிமிடம்.

"இந்த வருஷம் உங்க காய் எப்படிம்மா?" என்றார்.

"ஒண்ணுகூட அழுகல சார்."

"அடுத்த சீசனுக்கு ஏப்ரல்லயே ஆரம்பிச்சிடு."

"சரிங்க சார்."

இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அவர் மேசையில் இருந்த ஃபிளாஸ்கைப் பார்த்தார். "வெந்நீர் குடிக்கிறியாம்மா?"

குடித்தோம். மணி அடித்தது. வெளியே வந்ததும் எங்களை நேராக மேடைக்குக் கூட்டிப்போனார்கள். கிரண்குமார் மைக்கை எடுத்தார். "நண்பர்களே, எழுபத்தெட்டு மீட்டப். நம் சங்கமத்தின் முதல் கனெக்ஷன் இன்று நடந்துவிட்டது. இந்த இருவரும் ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை ஒருவரையொருவர் அறியாதவர்கள்!"

ஹால் எழுந்து நின்றது. நாகபூஷணம் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தார்.

"ஒருத்தரை ஒருத்தர் பாக்காதீங்க!" என்றார் போட்டோக்காரர்.

இருவரும் கேமராவைப் பார்த்தோம்.